பாட்டா பெட்டியில இருந்த வெள்ளிக் காசு: உண்மையில என்ன விலை போகும்?

நாகர்கோவில், தக்கலை பக்கம் பழைய வீட்டுல பெட்டியைத் திறந்தா ஒரு வெள்ளிக் காசு கெடைக்கும். அதுல சங்கு, பக்கத்துல 1116-னு வருஷம். உடனே "900 வருஷப் பழசு, கோடிக்குப் போகும்"னு மனசு கணக்குப் போட ஆரம்பிச்சிடும்.

கொஞ்சம் பொறுங்க. 1949 வரைக்கும் நம்ம ஜில்லா திருவிதாங்கூர் சமஸ்தானத்துல இருந்தது. சங்கு அந்த சமஸ்தானத்தோட முத்திரை. வருஷம் கொல்லம் ஆண்டு. 825 கூட்டுங்க (ஆவணியில இருந்து டிசம்பர் வரை 824). 1116-னா 1940-41. சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்துக் காசு. உங்க பாட்டாவே சின்ன வயசுல அதைக் கொடுத்து மிட்டாய் வாங்கியிருப்பாரு!

பழசு வேற, அபூர்வம் வேற. விக்டோரியா ராணி தலை போட்ட 1862 ரூபாயை எடுத்துக்கோங்க. அதே வருஷத்தைப் போட்டே 1874 வரைக்கும் அடிச்சாங்க, அதனால ஏகப்பட்டது கெடைக்குது. ஆனா அதைவிட ரொம்பப் புதுசான 1939 ஜார்ஜ் ரூபாய்க்கு சேகரிப்பாளர்கள் போட்டி போடுவாங்க. புழக்கத்துக்கு வந்தது அவ்வளவு கம்மி.

விலையை எப்படிக் கணக்குப் போடுறது? முதல்ல அடிமட்ட விலை, அதாவது அதுல இருக்குற வெள்ளி. பிரிட்டிஷ் ரூபாய் 11.66 கிராம். 1939 வரைக்கும் 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது சுமார் 10.7 கிராம். 1940-45 ரூபாயில பாதிதான், 5.83 கிராம். அன்னைக்கு வெள்ளி விலையால பெருக்குங்க. அதுக்குக் கீழே யாரு கேட்டாலும் கொடுக்காதீங்க. அதுக்கு மேல கெடைக்குறது வருஷம், அடிச்ச நாணயசாலை, தேய்மானம் இந்த மூணையும் பொறுத்தது. மும்பை டோடிவாலா மாதிரி ஏல நிறுவனங்கள்ல அதே காசு என்ன விலைக்கு *வித்துச்சு*ன்னு பாருங்க. ஆன்லைன்ல ஒருத்தர் *கேக்குற* விலை விலையே இல்ல.

இந்தக் கணக்கு திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரத்துக்கு ஒத்துவராது. மிளகை விடக் கொஞ்சம் பெருசு, அரை கிராம்கூட வராது. 28 சக்கரம் சேர்ந்தாத்தான் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். எண்ணுறதுக்கே குழி போட்ட பலகை வச்சிருந்தாங்க. வெள்ளியா உருக்கினா ஒண்ணுமில்ல, வாங்குறவங்க சேகரிப்பாளர்கள்தான். தயவுசெஞ்சு தட்டான்கிட்ட உருக்கக் கொடுத்துடாதீங்க.

புளி, சாம்பல், பல்பொடி எதையும் போட்டுத் தேய்க்காதீங்க. அந்தக் கருப்புப் படிவம்தான் சேகரிப்பாளருக்கு வேணும். பளபளன்னு ஆக்கினீங்கன்னா விலை பாதியாயிடும். காந்தத்துல ஒட்டினா, எடை கணிசமா வித்தியாசப்பட்டா, சந்தேகப்படுங்க.

இன்னொண்ணு. "உங்க காசை 10 லட்சத்துக்கு எடுத்துக்கிறோம், ரிசர்வ் வங்கி கமிஷன் மட்டும் முன்பணமா அனுப்புங்க"ன்னு போன் வரும். மாசச் சம்பளம் அப்படியே போயிடும். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்லயே தெளிவா எச்சரிச்சிருக்கு: இந்த மாதிரி விஷயத்துல அது ஈடுபடுறதில்ல, எந்தக் கட்டணமும் கேக்குறதில்ல, யாருக்கும் அதிகாரமும் கொடுக்கல.

கடைசியா, வளைகுடாவுல இருக்குற அண்ணன் மூலமா விக்கலாம்னு யோசிக்கிறீங்களா? 100 வருஷத்துக்கு மேல பழைய காசு 1972 தொல்பொருள் சட்டத்துக்குள்ள வரும், வெளிநாட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது. தோட்டத்துல தோண்டும்போது கெடைச்ச புதையலா இருந்தா, முதல்ல கலெக்டருக்குத் தெரியப்படுத்தணும்.

எடை பார்க்குறதையும் கொல்லம் ஆண்டு மாத்துறதையும் வீடியோவுல செஞ்சே காட்டியிருக்கேன், பாருங்க.