முதல் யாருடையது, உரிமை யாரிடம்?

2011 மார்ச்சில் அமெரிக்கப் பதிப்புலகத்திலிருந்து சில நாள் இடைவெளியில் இரண்டு செய்திகள் வந்தன. மின்நூல்களைத் தானே வெளியிட்டுப் பெரும் விற்பனை கண்ட 26 வயது அமாண்டா ஹாக்கிங், நான்கு நாவல்களுக்கு 20 லட்சம் டாலர் பேசி செயின்ட் மார்ட்டின்ஸ் பதிப்பகத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். அதே பதிப்பகம் இரண்டு நாவல்களுக்குத் தர முன்வந்த 5 லட்சம் டாலரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார் த்ரில்லர் எழுத்தாளர் பேரி ஐஸ்லர். சொந்தமாக வெளியிடுவதே மேல் என்பது அவர் முடிவு.

இருவருமே கணக்குத் தெரிந்தவர்கள்தான். அட்டை, மின்னஞ்சல், பக்க ஒழுங்கு என்றே பொழுது போய்விடுகிறது, எழுத நேரம் வேண்டும் என்றார் ஹாக்கிங். ஐஸ்லர் பார்த்தது பங்கை. அமேசானில் நேரடியாக மின்நூல் போட்டால், குறிப்பிட்ட விலை வரம்புக்குள் 70 சதவீதம் எழுத்தாளருக்கு. பதிப்பகம் வழியே போனால், பதிப்பகத்துக்கு வரும் தொகையில் 25 சதவீதம் என்பதே அங்கே வழக்கம்.

தமிழ் எழுத்தாளர்களுக்கு இந்தத் தொகைகள் எட்டாதவை. ஆனால் அவர்கள் முன் இருக்கும் கேள்வியும் இதுதான்: புத்தகத்துக்கு முதல் போடுவது யார், உரிமை யாரிடம் இருக்கப்போகிறது?

கைப்பிரதியைப் பதிப்பகம் ஏற்றுக்கொண்டால் மெய்ப்பு, வடிவமைப்பு, அட்டை, காகிதம், அச்சு எல்லாம் அதன் செலவு. விற்காவிட்டால் நட்டமும் அதனுடையதே. எழுத்தாளருக்கு ராயல்டி, தமிழில் பெரும்பாலும் விலையில் 10 சதவீதம். 300 ரூபாய் நூல் 500 பிரதி விற்றால் 15,000 ரூபாய் கிடைக்கும். மீதி 270 ரூபாயும் பதிப்பாளர் பைக்குப் போவதாக நினைத்துவிடக் கூடாது. அச்சுச் செலவு போக, கடைக்காரருக்கும் விநியோகஸ்தருக்கும் தரும் கழிவு அதில் பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் அரங்கு போடுவது, வெளியூர்க் கடைகளில் பாக்கி வசூலிப்பது, நூலக ஆணைக்கு விண்ணப்பிப்பது ஆகியவற்றை ஒற்றை நூலை வைத்துக்கொண்டு ஒரு தனி ஆள் செய்து முடிப்பது கடினம்.

கடினம் என்று தெரிந்தே இறங்கியவர்களும் உண்டு. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூல் வருமுன்பே பிரதி வாங்குவதாகப் பலரிடம் கையொப்பம் பெற்று அச்சுச் செலவைச் சமாளித்தார். 2022இல் அமெரிக்க எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் நான்கு நாவல்களுக்காக கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் வாசகர்களிடமே 4 கோடி டாலருக்கு மேல் திரட்டியதும் ஏறக்குறைய அந்தக் கையொப்ப முறைதான். ‘எழுத்து’ இதழை நடத்திய சி.சு. செல்லப்பா, தாம் பதிப்பித்த நூல்களைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரிகளுக்குப் போய் விற்றார். முதுமையில் சொந்தமாக வெளியிட்ட ‘சுதந்திர தாகம்’ நாவலுக்கு 2001இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதைக் காண அவர் இல்லை.

செல்லப்பாவின் காலத்தில் சொந்தப் பதிப்பு என்றால் நூற்றுக்கணக்கான பிரதிகளை மொத்தமாக அச்சடித்து வீட்டில் அடுக்கியாக வேண்டும். இப்போது கேட்கும்போது கேட்டவருக்கு மட்டும் அச்சடித்து அனுப்பும் முறை வந்துவிட்டது. சென்னையில் தொடங்கிய நோஷன் பிரஸ் போன்ற நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. ஒரு பிரதிக்கான செலவு ஆஃப்செட் அச்சைவிடக் கூடுதல். ஆனால் பரணில் பணம் முடங்காது. 2016இல் அமேசானின் மின்நூல் தளமான கிண்டிலில் தமிழ் நூல்களும் வரத் தொடங்கிய பிறகு காகிதச் செலவே இல்லாத வழியும் திறந்தது. நூலுக்குத் தேவையான ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு இந்தியாவில் கட்டணம் இல்லை; தனி ஆளும் விண்ணப்பிக்கலாம்.

பதிப்பகம் முதல் போடுவது, எழுத்தாளரே முதல் போடுவது ஆகிய இரண்டுக்கும் நடுவே ஒரு வகை உண்டு. பதிப்பகம் என்று பெயர்ப்பலகை இருக்கும், செலவு முழுவதையும் எழுத்தாளரிடமே வாங்கிக்கொள்ளும், விற்பனை உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்ளும். முதல் போட்டவர் கையில் உரிமை இல்லாத ஏற்பாடு இது. பணம் கேட்கும் இடத்தில் எத்தனை பிரதி, யார் விற்பது, எஞ்சியவை யாருக்கு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

ஒரு வழியைத் தேர்ந்தால் மறு வழி அடைபட்டுவிடும் என்பதும் இல்லை. ஆண்டி வேயர் தன் இணையதளத்தில் இலவசமாகத் தொடராக எழுதிய ‘தி மார்ஷியன்’ நாவலை, வாசகர்கள் கேட்டதால் 2011இல் 99 சென்ட்டுக்குக் கிண்டிலில் போட்டார். விற்பனையைப் பார்த்து கிரவுன் பதிப்பகம் உரிமையை வாங்கி 2014இல் அச்சில் கொண்டுவந்தது. மறு ஆண்டே ரிட்லி ஸ்காட் படமாக்கினார். ‘வுல்’ எழுதிய ஹியூ ஹோவி இன்னும் கறாராக இருந்தார். சைமன் அண்ட் ஷூஸ்டருக்கு அச்சு உரிமையை மட்டும் கொடுத்தார். மின்நூல் அவரிடமே இருந்தது.

இப்படி உரிமையைப் பிரித்துக் கொடுக்க இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் இடம் தருகிறது. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் பொருள். வாங்கிய உரிமையைப் பதிப்பகம் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாத பட்சத்தில், அது காலாவதியாகிவிடும். பதிப்பகம் நீட்டும் அச்சடித்த படிவத்தில் அந்த ‘வேறு விதம்’ எந்தப் பத்தியில் இருக்கிறது என்று கையெழுத்துக்கு முன்பே தேடிப் பார்த்துவிட வேண்டும். அச்சு, மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஆகிய ஐந்தையும் ஒரே வரியில் கேட்கும் படிவமாக இருந்தால், எவற்றை அந்தப் பதிப்பகம் உண்மையில் வெளியிடப் போகிறது என்று கேட்டு, மற்றவற்றை அடித்துத் தரச் சொல்லலாம்.