சின்னப் பிள்ளைகளுக்கு ராட்டினம் தேவைதானா?

ஆனி, ஆடி, ஆவணி என்று வந்துவிட்டால் வடக்கில் கோயில் திருவிழாக்களுக்குக் குறைவிருக்காது. முன்பெல்லாம் திருவிழா வீதியில் சிறுவர்களுக்கென்று இருந்தவை கடலை, ஐஸ்பழம், பலூன், அம்மம்மாக் குழல் ஆகியவைதான். இப்போது வீதி முடியும் இடத்தில் ஜெனரேற்றர் இரைச்சலும் வண்ண விளக்குகளுமாக வேறொரு திருவிழா நடக்கிறது. சுற்றிவரும் குதிரைகள், வட்டப் பாதையில் ஓடும் சின்ன ரயில், தேநீர்க் கோப்பை வடிவில் சுழலும் ஆசனங்கள், காற்றடைத்து நிமிர்த்திய கோட்டை என்று எத்தனையோ வந்துவிட்டன. அடுத்த வருடம் போனால் புதிதாக ஒன்று கூடியிருக்கும்.

இது நமது ஊர்களுக்கு மட்டும் உரியதல்ல. உலகெங்கும் பெரிய களியாட்டப் பூங்காக்கள் இந்த விதமாகவே நடக்கின்றன. வேகமான ராட்டினங்களில் உயரம் குறைந்த பிள்ளைகளை ஏற்றமாட்டார்கள். அளந்து பார்க்க வாசலிலேயே அளவுகோல் நிற்கும். ஆனால் சின்னப் பிள்ளை உள்ள குடும்பங்கள் வராமல் விட்டால் வருமானம் குறைந்துவிடும். ஆகவே 3, 4 வயதினருக்கென்று மெதுவாக ஓடுகின்றவற்றைத் தனியாக அமைக்கிறார்கள். பார்த்ததையே பார்க்க மறுபடியும் வரமாட்டார்கள் என்பதால் புதிது புதிதாக அமைக்கிறார்கள். வியாபாரம் என்ற வகையில் அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. காசு கொடுக்கும் தாயின் பக்கத்தில் நின்று பார்க்கும்போதுதான் கேள்வி எழுகிறது.

நான் வேலை செய்யும் வன்னிக் கிராமம் ஒன்றில் ஒரு தாய் தனது கணக்கைச் சொன்னார். குடும்பத்தைத் தனியே தாங்குபவர். வீட்டுத்தோட்டமும் கோழிகளும்தான் சீவியம். மூத்தவனுக்கு 7 வயது, இளையவளுக்கு 3 வயது.

"ஒருக்கா ஏற 200 ரூபா மிஸ். மூண்டு நிமிசம் கூட இல்லை. ரெண்டு பேரும் ரெண்டு தரம் ஏறினதோடை 800 ரூபா போட்டுது. முட்டை வித்த காசு அவ்வளவும் அங்கையே முடிஞ்சுது. சின்னவள் ஏறின உடனை அழத் துவங்கினவள், இறங்கு மட்டும் அழுதவள்."

அவள் அழுததில் அதிசயமில்லை. நமது காதின் உட்புறத்தில் உடலின் சமநிலையை உணரும் உறுப்பு ஒன்று இருக்கிறது. ஆடும்போதும் சுழலும்போதும் அது தூண்டப்படுகிறது. பிள்ளைகள் ஊஞ்சலை விரும்புவதும், நின்ற இடத்தில் தாமாகவே சுற்றித் தலைசுற்றி விழுந்து சிரிப்பதும் அதனால்தான். கண்ணும் காதும் தசைகளும் ஒன்றோடொன்று இசைந்து வேலை செய்யப் பழகுவதற்கு இந்த ஆட்டம் உதவுகிறது. ஆனால் ஊஞ்சலில் பிள்ளை தானே உந்துகிறது. பயம் வந்தால் காலை ஊன்றி நிறுத்துகிறது, அல்லது ஆட்டிவிடும் அம்மாவிடம் "காணும்" என்று சொல்கிறது. ராட்டினத்தில் வேகமும் நிறுத்தமும் இயந்திரக்காரரின் கையில். பிள்ளைக்கு அங்கே செய்வதற்கு எதுவுமில்லை, பட்டியைக் கட்டிக்கொண்டு இருப்பதைத் தவிர. வேப்பமரக் கிளையில் கட்டிய கயிறு ஒரு மாலைப்பொழுது முழுவதும் கொடுப்பதில் சிறு பங்கைத்தான் அது மூன்று நிமிடத்தில் கொடுக்கிறது. இன்னொன்று: 3 வயதுக்கு முன் நடந்தவற்றில் அநேகமாக எதுவும் வளர்ந்தபின் நமது நினைவில் இருப்பதில்லை. மூத்தவன் அந்தக் குதிரையை நெடுநாள் நினைத்திருப்பான். சின்னவளுக்குக் கொடுத்த 400 ரூபாவை அவளுக்காகக் கொடுத்தது என்று சொல்ல முடியுமா?

அப்படியானால் யாருக்காக? இதையும் நான் அந்தத் தாயிடம் கேட்டேன்.

"நாங்கள் பங்கருக்குள்ளை இருந்துதான் விளையாடினனாங்கள். கல்லு எறிஞ்சு பிடிக்கிறது, அவ்வளவுதான். வெளியிலை விடமாட்டினம். இதுகளெண்டாலும் ஏறட்டும் எண்டு நினைச்சன்" என்றார்.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்திலிருந்து மழையில் நடந்தவர்களின் இடுப்பில் இருந்த கைக்குழந்தைகளும், 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறி வந்த சிறுமிகளும்தான் இன்று முன்பள்ளி வாசலில் பிள்ளையைக் கூட்டிப்போக நிற்கும் தாய்மார். முகாமிலிருந்து ஊர் திரும்பிய பிறகும் "அந்தப் பக்கம் போகாதே, மிதிவெடி" என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவர்கள். கிளித்தட்டுக்குக் கோடு கீறவும் வெடிபொருள் அகற்றிய காணி வேண்டும் அல்லவா? தனக்குக் கிடைக்காததைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க ஆசைப்படுவதை வீண்செலவு என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் ஏறிய தாய்மார் வாய்விட்டுச் சிரித்ததையும் நான் கண்டிருக்கிறேன். அதற்கும் ஒரு பெறுமதி உண்டு. கையில் இருக்கும் காசில் ஒருமுறை ஏறுங்கள், தாயும் சேர்ந்து ஏறுங்கள். ஆனால் திருவிழாவுக்கென்று கடன் எடுக்க வேண்டாம். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசே முன்வர வேண்டியிருந்தது. கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நிற்பவரைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கேள்வி எங்கள் மாதர் சங்கக் கூட்டத்துக்கும் வந்தது. வெளிநாட்டில் வாழும் ஊரவர் ஒருவர் காலமான தன் தாயாரின் நினைவாக, முன்பள்ளிக்கு மின்மோட்டாரில் சுற்றும் ராட்டினம் ஒன்று வாங்கித்தர விரும்பினார். அதன் படம் சங்கத் தலைவியின் கைத்தொலைபேசிக்கு வந்தது. படம் கைக்குக் கை மாறியது. மிகவும் வடிவான ராட்டினம். வாத்து, மீன், முயல் என்று ஆறு இருக்கைகள். முதலில் கேள்வி கேட்டவர் முன்பள்ளி ஆசிரியை. "26 பிள்ளைகள் இருக்கினம். 6 பேர் ஏற 20 பேர் பாத்துக்கொண்டு நிக்கவேணும். அந்த 20 பேரையும் நான் எப்பிடிச் சமாளிக்கிறது?" மின் கட்டணத்தை ஆர் கட்டுவது, பழுதானால் திருத்த எங்கிருந்து ஆள் வருவது என்ற கேள்விகள் தொடர்ந்தன. பக்கத்துக் கிராமத்தில் ஒரு நிறுவனம் கட்டிக்கொடுத்த சிறுவர் பூங்காவை எல்லோரும் அறிவார்கள். ஊஞ்சற் சங்கிலி துருப்பிடித்து அறுந்துவிட்டது. திறப்பு எவரிடம் என்று தெரியாது. நிறுவனத்தின் பெயர்ப்பலகை மட்டும் மங்காமல் இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் நான் டென்மார்க் நாட்டைப் பற்றிச் சொன்னேன். அதன் தலைநகரான கொப்பன்ஹேகனில் டிவோலி என்ற களியாட்டப் பூங்கா 1843இல் திறக்கப்பட்டது. இன்றும் நடக்கிறது. வால்ட் டிஸ்னி தனது பூங்காவை 1955இல் திறக்கும் முன்பு அங்கே சென்று பார்த்தவர். சரியாக நூறு வருடம் கழித்து, 1943இல், அந்த நகரம் ஜேர்மன் இராணுவத்தின் பிடியில் இருந்தபோது, எம்ட்ரப் என்ற புறநகரில் வேறு விதமான விளையாட்டிடம் ஒன்று திறக்கப்பட்டது. சோரன்சன் என்ற நிலவடிவமைப்பாளர், கட்டி வைத்த விளையாட்டுத் திடல்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கட்டட வேலை நடக்கும் இடங்களில் பலகையோடும் கல்லோடும் விளையாடுவதை நெடுநாளாகக் கவனித்து வந்தவர். எம்ட்ரப்பில் ராட்டினம் இல்லை. பழைய பலகை, செங்கல், மண், மண்வெட்டி, சுத்தியல், கூடவே பிள்ளைகளோடு நிற்க ஒரு பெரியவர், அவ்வளவுதான். பிள்ளைகள் குடில் கட்டினார்கள், உடைத்தார்கள், மறுபடி கட்டினார்கள். 1946இல் அலன் சீமாட்டி என்ற ஆங்கிலப் பெண்மணி அதைப் பார்த்துவிட்டு வந்து, லண்டனில் குண்டு விழுந்த வெற்றுக் காணிகளில் அவ்வாறான இடங்களை அமைக்கப் பாடுபட்டார். ஒல்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரிலும் யுத்தம் முடிந்த பிறகு, 1947 தொடக்கம் 1978 வரை, வான் எய்க் என்ற கட்டடக் கலைஞர் 700க்கு மேற்பட்ட சிறு விளையாட்டிடங்களை வடிவமைத்தார். வீடுகள் அழிந்துபோன வெற்று வளவுகளும் அவற்றில் அடங்கும். மணற்குழி, தொங்கி விளையாட இரும்புக் கம்பிகள், தாவி நடக்கக் குற்றிகள் ஆகியவையே அங்கே இருந்தன. அயலவர்கள் நகரசபைக்குக் கடிதம் எழுதித் தங்கள் தெருவுக்கும் கேட்டுப் பெற்றார்கள்.

நான் சொல்லி முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஒருவர் எழும்பினார். அவரது மகனுக்கு 4 வயது.

"எங்களுக்கு எண்டு வரேக்கை மட்டும் மண்ணும் பலகையும் காணும் எண்டு சொல்லுறியள். கொழும்புப் பிள்ளையளுக்கு எண்டால் இப்பிடிச் சொல்லுவியளோ மிஸ்?"

கூட்டம் அமைதியாகிவிட்டது. அது கேட்கப்படவேண்டிய கேள்விதான். வீட்டுத்திட்டம் முதல் உலர் உணவு வரை, உதவி என்று வருவதில் இரண்டாந்தரமானதே தன் பங்கு என்று கண்டு பழகியவர் அவர். நான் சொன்ன பதில் இது. ஓம், கொழும்புப் பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்வேன். அம்ஸ்ரடாமில் அவை ஏழைகளுக்கென்று அமைக்கப்பட்டவை அல்ல, எல்லாத் தெருவுக்கும் உரியவை. ஆனால் ராட்டினத்தில் ஏறும் ஆசைக்கும் உங்கள் பிள்ளைக்கு உரிமை உண்டு. ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. ஓய்வும் விளையாட்டும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உரியவை என்று அதன் 31ஆம் உறுப்புரை சொல்கிறது. வசதி உள்ள பிள்ளைக்கு ஒன்று, இல்லாத பிள்ளைக்கு இன்னொன்று என்று அது பிரிக்கவில்லை. அதனால் இரண்டையும் வேறு வேறாகப் பார்ப்போம். தினமும் விளையாட ஊருக்குள் ஒரு இடம். 6, 7 வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு வருடத்தில் ஒருமுறை எல்லோரும் வான் பிடித்துப் போய் ராட்டினம் ஏறும் பயணம். இரண்டாவதுக்கு மாதம் மாதம் சங்கத்தில் சிறு தொகை சேர்க்கலாம். அவர் முழுமையாக ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்களில் முதலாவது அவர்தான்.

நமது நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. யுத்தம் நடந்துகொண்டிருந்த 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் அங்கே வந்து களிமண்ணிலும் வர்ணத்திலும் கதையிலும் நாடகத்திலும் ஈடுபட்டார்கள். பெரும் பயங்களைக் கண்ட பிள்ளை அதையே மறுபடி மறுபடி விளையாடித்தான் மனதிலிருந்து இறக்குகிறது. செல் விழுவதையும் செத்தவீட்டையும் விளையாடிய பிள்ளைகளைக் கண்டு பயந்த தாய்மார் உங்களில் பலர் இருப்பீர்கள். அதற்குப் பிள்ளையின் கையில் மண்ணும் தடியும் வேண்டும், நேரமும் வேண்டும். இயந்திரம் அதற்கு இடம் கொடாது.

தலைவி ஊரவருக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் உடனே சம்மதிக்கவில்லை. "மணல் கும்பிக்கோ அம்மாவின்ரை பேரை வைக்கிறது?" என்று கேட்டாராம். "தம்பி, அம்மா உங்களுக்கு வருசத்துக்கு ஊஞ்சல் கட்டித் தரேல்லையோ?" என்று தலைவி கேட்க, அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. அடுத்த மாதம் காசு வந்தது.

இப்போது முன்பள்ளி வளவில் வேலை நடக்கிறது. உங்கள் ஊரிலும் செய்ய நினைத்தால் சிலவற்றைக் கவனியுங்கள். ஊஞ்சலுக்கும் சறுக்கிக்கும் கீழே ஒரு அடி ஆழத்துக்காவது மணல் வேண்டும். இறுகிய தரையில் விழுந்தால் தலைதான் உடையும். இரும்புத் தகட்டுச் சறுக்கி வன்னி வெயிலில் தோசைக்கல் போல் சுடும், அதை மரநிழலில் வையுங்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்காதீர்கள். பிள்ளையின் கால் ஓரத்தில் சிக்கினால் தாயின் பாரமும் சேர்ந்து முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறியும். பாசத்தால் வரும் விபத்து இது. கழுத்தில் கயிறு, துப்பட்டா, சங்கிலி எதுவும் இருக்கக்கூடாது. பழைய ரயரைப் பாவித்தால் துளையிட்டு நீர் வடியவிடுங்கள். இல்லாவிட்டால் டெங்கு நுளம்பு வளரும்; சுகாதாரப் பரிசோதகர் வழக்குப் போட்டாலும் நியாயம் அவர் பக்கம்தான். எங்கள் வளவில் ஒரு ஊஞ்சலுக்குச் சாய்மனையும் முன்பட்டியும் போடச் சொல்லியிருக்கிறோம், நடக்க முடியாத ஒரு பிள்ளை இருக்கிறாள்.

திருவிழாவில் காற்றடைத்த கோட்டையைக் கண்டால் அதன் கட்டுக் கயிறுகளைப் பாருங்கள். 2021 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் அவ்வாறான கோட்டை ஒன்று காற்றில் கிளம்பியதில் 6 பிள்ளைகள் இறந்தார்கள். நமது திருவிழாக்கள் சோளகக் காற்று வீசும் மாதங்களில் வருகின்றன. எல்லா மூலையும் நிலத்தில் இறுக்கிக் கட்டியிராவிட்டால், பிள்ளை எவ்வளவு அழுதாலும் ஏற்றாதீர்கள்.

மரநிழலில் தாய்மார் இருக்க ஒரு நீள வாங்கும் போடுகிறோம். ஊஞ்சற் சங்கிலியை மாதத்துக்கு ஒருமுறை பார்த்து எண்ணெய் விட இரண்டு பேர் பொறுப்பெடுத்திருக்கிறார்கள். கேற்றுத் திறப்பு ஆரிடம் இருப்பது என்பது அடுத்த கூட்டத்துக்கு விடப்பட்டிருக்கிறது.