குழல் ஈ: பாலித்தீன் குழாயில் கட்டப்படும் தூண்டில் இரை

தூண்டில் மீன்பிடிப்பில் “ஈ” என்று வழங்கப்படுவது உயிருள்ள பூச்சியன்று. தூண்டில் முள்ளின் தண்டில் இறகு, ரோமம், பட்டு நூல், ஜரிகை முதலியவற்றைச் சுற்றிக் கட்டி, பூச்சியையோ சிறு மீனையோ ஒத்த தோற்றம் வருமாறு செய்யப்படும் செயற்கை இரையே அப்பெயரால் குறிக்கப்படுகிறது. டிரவுட் மீன் வாழும் காஷ்மீர், ஹிமாசலப் பிரதேசம், நீலகிரி ஆகிய இடங்களில் பணியாற்றும் மீன்துறை ஊழியர்கள் இதனை நன்கு அறிவர். இந்த ஈயின் ஒரு வகையான “குழல் ஈ”, சாதாரணப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றினால் ஒரு பழைய தொழிலின் குறை எவ்வாறு நீங்கியது என்பதற்கு நல்ல உதாரணமாகும்.

குறை யாது என்பதை முதலில் காண்போம். ஸ்காட்லாந்தின் ஆறுகளில் சால்மன் மீனைப் பிடிக்கப் பெரிய ஈக்கள் தேவைப்பட்டன. ஈ பெரிதாக வேண்டுமாயின் அதைத் தாங்கும் முள்ளின் தண்டும் நீளமாக இருத்தல் வேண்டும். மீனின் வாயில் தைத்த நீண்ட முள் ஒரு நெம்புகோலைப் போல் வேலை செய்கிறது. மீன் தலையை உதறும்போதும் கல்லில் உராயும்போதும், நீண்ட தண்டின் மீது விழும் விசை முள்ளின் வளைவைத் திருகுகிறது. இதனால் முள் கழன்றுவிடுகிறது. அன்றேல் வாயின் தசை கிழிகிறது. மேலும், முள்ளின் நுனி ஒடிந்தாலோ துருப்பிடித்தாலோ, பல மணி நேரம் உழைத்துக் கட்டிய ஈ முழுவதும் வீணாகிறது.

1940-களின் நடுவில் அபர்டீன் நகரில் ஈ கட்டும் தொழிலில் ஈடுபட்டிருந்த ஒரு பெண்மணி, இறகையும் ரோமத்தையும் முள்ளின் மேல் கட்டாமல், உள்ளீடு நீக்கிய வான்கோழி இறகுத் தண்டின் மேல் கட்டினார் எனக் கூறப்படுகிறது. தூண்டில் நரம்பு அத்தண்டின் உட்புறமாகச் சென்று, அதன் பின்புறத்தில் ஒரு சிறிய முள்ளுடன் பிணைக்கப்பட்டது. விரைவிலேயே இறகுத் தண்டின் இடத்தைப் பாலித்தீன் குழாய் பெற்றது. 1933-இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட பாலித்தீன், யுத்த காலத்தில் ராடார் கருவிகளின் மின்கம்பி உறையாகப் பயன்பட்டது. யுத்தத்திற்குப் பின் பொது உபயோகத்திற்கு வந்தது.

இவ்வமைப்பின் பயன் எளிதில் விளங்கும். மீன் முள்ளைக் கவ்வி இழுத்ததும், குழாய் நரம்பின் வழியே மேலே நழுவி மீனின் வாயினின்றும் விலகிவிடுகிறது. வாயில் எஞ்சியிருப்பது தண்டு குறுகிய சிறு முள் மட்டுமே. ஆகவே நெம்புகோலின் விளைவு பெரிதும் குறைகிறது. முள் கெட்டுப்போனால் முள்ளை மட்டும் மாற்றினால் போதும்.

குழல் ஈ கட்டும் முறை வருமாறு: வைஸில் பொருத்திய ஊசியின் மீது, குழாயைத் தளர்வின்றிச் செருக வேண்டும். உள்ளே ஊசி இல்லாவிடில் நூலின் இறுக்கத்தால் குழாய் நசுங்கிவிடும். பாலித்தீனின் மேற்பரப்பு வழுவழுப்பானது. பசை அதில் நன்கு ஒட்டாது. ஆதலால் மெல்லிய உப்புத்தாளினால் லேசாகத் தேய்த்துக்கொண்டு, நூலை நெருக்கமாகச் சுற்றுதல் வேண்டும். குழாயின் முனையைச் சிறு சுடரின் அருகே ஒரு கணம் காட்டினால், அது இளகி விளிம்பு போலப் புடைக்கும். நூல்கட்டு முன்னே நழுவாமல் இவ்விளிம்பு தடுக்கும். இறகும் ரோமமும் கட்டி முடித்தபின், பின்முனையில் மிருதுவான சிலிக்கோன் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டினால், அது முள்ளின் கண்ணைப் பற்றி நேராக நிறுத்தும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். எல்லாப் பிளாஸ்டிக் குழாய்களையும் சுடரில் காட்டலாகாது. பி.வி.சி. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படும். டெஃப்லான் மிகைச் சூட்டில் நச்சுப் புகை தரும். இன்ன பொருள் என்று நிச்சயமாகத் தெரியாத குழாயைச் சூடாக்காதிருத்தலே நலம்.

குழாயின் பொருளை மாற்றுவதால் ஈ நீந்தும் ஆழமும் மாறுகிறது. நீரின் அடர்த்தியை 1 எனக் கொண்டால், பாலித்தீனின் அடர்த்தி சுமார் 0.92, நைலான் 1.14, பி.வி.சி. 1.3 முதல் 1.4 வரை, அலுமினியம் 2.7; பித்தளை சுமார் 8.5; செம்பு 8.9. எனவே பாலித்தீன் குழாயில் கட்டிய ஈ, எஃகு முள்ளின் பாரம் இருந்தும், நீர்மட்டத்தை ஒட்டியே செல்லும். குளிர்ந்த, பெருக்கெடுத்த நீரில் மீன் ஆழத்தில் தங்கும்போது, அதே வடிவ ஈயைப் பித்தளைக் குழாயில் கட்டுவர்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். பாலித்தீன் பைத் துண்டு, மின்கம்பியிலிருந்து உருவிய பி.வி.சி. உறை, செம்புக் கம்பித் துண்டு ஆகிய மூன்றையும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்து நீரில் இடுக. முதலாவது மிதக்கும், இரண்டாவது மெதுவாக அமிழும், மூன்றாவது விரைந்து அடியை அடையும். உறையினுள்ளும் துண்டுகளின் மேலும் காற்றுக்குமிழி தங்காதபடி நீரில் ஒரு சொட்டுச் சோப்புக் கரைசல் சேர்த்தல் வேண்டும். இல்லையேல் முடிவு பிழையாகும்.

குறுகிய முள்ளின் சிறப்பு இன்று மற்றொரு காரணத்தாலும் உணரப்படுகிறது. அட்லாண்டிக் சால்மன் மீனின் எண்ணிக்கை பெரிதும் குறைந்துள்ளது. 2023-இல் வெளியான சர்வதேசச் செம்பட்டியலில் பிரிட்டனின் சால்மன் அழியும் ஆபத்திலுள்ளதாக வகைப்படுத்தப்பட்டது. ஸ்காட்லாந்தில் 2015 முதல், ஏப்ரல் 1-ஆம் தேதிக்கு முன் பிடிபடும் சால்மனை ஆற்றிலேயே திரும்ப விட வேண்டும் என்பது சட்டம். திரும்ப விடப்படும் மீன் பிழைத்து முட்டையிட்டால்தான் அச்சட்டத்தினால் பயன் உண்டு. எதிர்க்கொக்கி இல்லாத சிறு முள்ளைக் குழல் ஈயுடன் சேர்த்து உபயோகித்தால், முள்ளை விரைவில் கழற்றலாம், காயமும் குறையும். மீனை நீரைவிட்டு வெளியே எடுக்காமல், ஈரக் கையினால் பிடித்து விடுவித்தலும் இன்றியமையாதது.

ஆயினும் முள் சிறியது என்ற காரணத்தால் மட்டும் மீன் பிழைத்துவிடாது. நெடுநேரம் போராடிக் களைத்த மீனும், வெப்பமான நீரில் பிடிபட்ட மீனும் விடுவித்த பின்னும் இறக்கக்கூடும். குழாயை நறுக்கும்போது விழும் துணுக்குகளும் அறுந்த நரம்பும் மக்குவதில்லை. அவற்றைக் கரையில் விட்டுவராமல் சேகரித்து எடுத்து வருதல் கடமையாகும். ஈ கட்டக் கற்பிப்போர் கட்டும் முறையோடு இவ்விரண்டையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.