வயிற்றுக் கொழுப்பும் சிறுநீரகமும்

வயல் இல்லாத நகரத்தில்

இலங்கையில் சிறுநீரக நோய் என்றதும் மதவாச்சியும் பதவியாவும்தான் நினைவுக்கு வரும். 1990களிலிருந்து வடமத்திய மாகாண விவசாயிகளை வாட்டும், காரணம் இன்னும் அறுதியிடப்படாத அந்த நோயைப் பற்றிக் குடிதண்ணீர், கிருமிநாசினி, வெக்கை என்று நிறைய எழுதியாகிவிட்டது. அதைப் படித்துவிட்டு, நமக்கு வயலுமில்லை, கிணற்றுத் தண்ணீருமில்லை என்று கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருப்பவர் ஆறுதலடைய முடியாது. நகரத்தில் சிறுநீரகங்களைக் கெடுப்பவை பெரும்பாலும் நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும்தான். 2005-06இல் நடந்த நாடளாவிய ஆய்வில் வளர்ந்தவர்களில் 10.3 சதவீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. நகரப் பகுதிகளில் அது 16.4 சதவீதம். இந்த இரண்டு வருத்தங்களுக்கும் வழிவிடுவது பல வேளைகளில் வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு. அது இவற்றின் வழியாக மட்டுமல்ல, தன் ஹோர்மோன்கள் மூலம் நேரடியாகவும் சிறுநீரகத்தைத் தொடுகிறது என்பதே என் வாதம்.

கொழுப்பு சும்மா இருப்பதில்லை

மிஞ்சிய சாப்பாட்டைச் சேர்த்துவைக்கும் இடம் என்றுதான் கொழுப்பை நெடுங்காலம் கருதினார்கள். 1994இல் நியூயோர்க்கின் றொக்கபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மனின் குழு, கொழுப்புக் கலங்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹோர்மோனைக் கண்டறிந்தபின் அந்த எண்ணம் மாறியது. அடுத்த வருடமே அடிப்போனெக்டின் என்ற இன்னொரு ஹோர்மோன் வெளிப்பட்டது. இதன் குணம் விசித்திரமானது: கொழுப்புக் கலங்களே இதைச் சுரக்கின்றன, ஆனால் வயிறு பெருக்கப் பெருக்க இது குறைகிறது. சிறுநீரகத்தின் வடிமுடிச்சுகளைச் சுற்றி விரல்களால் பற்றியதுபோல் சில கலங்கள் இருக்கின்றன. குருதியிலுள்ள புரதம் சிறுநீரில் நழுவாமல் காப்பவை அவை. அடிப்போனெக்டின் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளில் இந்தக் கலங்களின் பிடி குலைந்து அல்புமின் என்ற புரதம் கசிந்தது. ஹோர்மோனைக் கொடுத்ததும் கசிவு தணிந்தது. 2008இல் வெளியான ஆய்வு இது. எலியில் கண்டதை மனிதர்மேல் அப்படியே ஏற்றக்கூடாதுதான். ஆனால் பருத்த மனிதரிலும் அடிப்போனெக்டின் குறைவதும் சிறுநீரில் அல்புமின் கூடுவதும் சேர்ந்தே காணப்படுகின்றன. தெற்காசியருக்கோ, அதே நிறையுள்ள ஐரோப்பியரைவிட இந்த ஹோர்மோன் குறைவு.

கூடினால் நல்லதா?

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். சிறுநீரகம் முற்றாகப் பழுதானவர்களின் குருதியில் அடிப்போனெக்டின் குறைவதில்லை, கூடுகிறது. மிகக் கூடியவர்களில் இறப்பும் அதிகம் எனப் பல ஆய்வுகள் சொல்கின்றன. காக்கும் ஹோர்மோன் எப்படி இப்படி நடக்கும்? குருதியிலிருந்து அதை அகற்றுவதில் சிறுநீரகத்துக்கும் பங்குண்டு. அது தளர்ந்தால் ஹோர்மோன் தேங்குகிறது. உடம்பு உருகி மெலியும்போதும் அளவு ஏறும். ஆகவே அந்த உயர்வைப் பாதுகாப்பின் அடையாளமாக எடுக்க முடியாது, சிறுநீரகம் தோற்றதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். லெப்டினும் இப்படித் தேங்கிப் பசியை அடக்குகிறது. முற்றிய நோயாளிக்குச் சாப்பாடு பிடிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஹோர்மோனை அளந்து பார்ப்பதற்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். மருந்தால் கூட்டுவதும் அவ்வளவு எளிதல்ல. நீரிழிவு மருந்தான பயோகிளிட்டசோன் அடிப்போனெக்டினை உயர்த்தும். கூடவே உடம்பில் நீரைத் தேக்கி, இதயம் பலவீனமானவருக்கு ஆபத்தாகும்.

டயாலிசிஸ் செய்பவர்களில் பருத்தவர்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்களே என்பது இன்னொரு கேள்வி. உண்மைதான். ஆனால் அந்தக் கட்டத்தில் மெலிவு என்பது பெரும்பாலும் நோய் தின்ற உடம்பு. மாளிகாவத்தை சிறுநீரக நிலையத்தில் படுத்திருப்பவருக்குப் பொருந்தும் கணக்கை, அங்கே போகாமலிருக்க விரும்புபவர் கடன்வாங்கக் கூடாது.

அளவுநாடாவும் சிறுநீர்ப் பரிசோதனையும்

மெலிந்தவருக்கும் சிறுநீரக நோய் வருகிறதே என்பார்கள். கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடம்பு நம்மிடையே சாதாரணம். தராசு அதைக் காட்டாது. தெற்காசியருக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80. குருதியில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு சரியாக இருக்கிறது என்பதும் முழு நிம்மதி தராது, சிறுநீரகத்தின் பாதி வேலை போகும்வரை அது ஏறாமலே இருக்கலாம். அல்புமின் கசிவு பல வேளைகளில் அதற்கு முன்னரே தெரியும். நீரிழிவு உள்ளவர் வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதத்தைப் பார்க்க வேண்டும். அது கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால், காய்ச்சலோ சலக்கிருமியோ இல்லாத வேளையில் திரும்பச் செய்து, மூன்று மாதங்களின் பின்னும் அப்படியே இருந்தால் வைத்தியரிடம் மருந்தைப் பற்றிப் பேச வேண்டும்.