அக்னி நட்சத்திரத்தில் முட்டை ஏன் பொரிவதில்லை?

மே மாதம், சென்னையில் 40 டிகிரி. மயிலாப்பூர் சமையலறைக் கூடையில் இருக்கும் முட்டை ஒன்றுகூடப் பொரிவதில்லையே, ஏன்?

கடை முட்டையில் கருவே இல்லை. பண்ணைக் கூண்டில் சேவல் ஏது? சரி, சேவலோடு திரிந்த நாட்டுக்கோழியின் முட்டை என்றால்? அங்கேதான் விஷயம். கருவுக்கு ஏறத்தாழ 37.5 டிகிரி வேண்டும், அதுவும் 21 நாள் இரவு பகலாக. நம் வெயிலோ பகலில் ஏறி, இரவில் 28க்கு இறங்கிவிடும். அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக வளர்ந்து செத்துப்போகும். அடைக்கு வைக்கும் முட்டையை அலமாரியில் நாள்கணக்கில் போட்டுவைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

தாய்க்கோழி முட்டையை ஓயாமல் புரட்டுவதும் சும்மா இல்லை. புரட்டாவிட்டால் கரு உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். இன்குபேட்டரில் 18ஆம் நாள்வரை அந்த வேலை நம்முடையது. பிறகு புரட்டுவதை நிறுத்தி, ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டும். இல்லையேல் சவ்வு உலர்ந்து குஞ்சைப் பிடித்துக்கொள்ளும்.

ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் ஒளியில் முட்டையைப் பாருங்கள். சிலந்திக் கால்போல ரத்த நாளங்கள் தெரிந்தால் கரு உயிரோடிருக்கிறது.

பொரியும் குஞ்சு மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டே வரும். இரண்டு நாள் தீனியின்றித் தாங்கும். முதல் வாரம் 33 டிகிரிக்குக் குறையாத சூடு வேண்டும்.

வீட்டில் முயல்பவர்களுக்கு ஒன்று: மின்வெட்டிலும் இன்குபேட்டர் சூட்டைக் காக்க இன்வெர்ட்டர் இல்லையென்றால், பேசாமல் அடைக்கோழியிடமே விட்டுவிடுங்கள்.