உலாவியை நம்பிய லைப்ரரி சர்வரில் ஓடுவது எப்படி?

விண்டோ, டாக்குமென்ட் என்ற இரு பெயர்களும் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குச் சொந்தமானவை அல்ல. உலாவி அம்மொழிக்குத் தரும் வசதிகள். 1995இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய அம்மொழி நெடுங்காலம் பெரும்பாலும் உலாவிக்குள்ளேயே புழங்கியதால் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. 2009இல் ரயன் டால், குரோமில் உள்ள வி8 இயந்திரத்தைக் கொண்டு நோட் ஜேஎஸ்ஸை அமைத்து ஜாவாஸ்கிரிப்ட்டைச் சர்வரில் ஓடவிட்டார். அங்கே திரையும் இல்லை, பக்கமும் இல்லை.

அதனால் உலாவியை நம்பி எழுதிய லைப்ரரி அங்கே தடுமாறும்; 2011இல் வெளிவந்த லீஃப்லெட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நிலப்படங்களைப் பக்கத்தில் காட்டும் இந்த லைப்ரரியின் 1.9 பதிப்பைச் சர்வரில் ஏற்றினால், ஒரு படம்கூட வரையச் சொல்வதற்கு முன்பே, விண்டோ வரையறுக்கப்படவில்லை என்ற பிழையோடு நிரல் நின்றுவிடும். உலாவியின் வசதிகளைக் கோப்பு ஏறும்போதே அது சோதிப்பதுதான் காரணம். அந்தச் சோதனையை, படம் உண்மையில் தேவைப்படும் நேரத்துக்குத் தள்ளிவைத்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். டைப்ஆஃப் என்ற செயற்குறியால் விண்டோ இருக்கிறதா என்று கேட்பது பாதுகாப்பான வழி; அறிவிக்கப்படாத பெயரைக் கேட்டாலும் அது பிழை எழுப்பாது. ஆனால் எந்த வசதி தேவையோ அதையே நேராகச் சோதிப்பது இன்னும் நல்லது. உலாவி தரும் மற்றொரு பெயரான நேவிகேட்டர் இருந்தால் அது உலாவிதான் என்று முடிவுகட்டிய நிரல்களை நோட் 21 ஏமாற்றியது. அந்தப் பதிப்பில் நேவிகேட்டர் சர்வருக்கும் வந்துவிட்டது.

லைப்ரரியைத் திருத்த முடியாதவர்கள் அதை உலாவியில் மட்டும் ஏற்றலாம். ரியாக்ட் என்ற லைப்ரரியில் யூஸ்எஃபெக்ட்டுக்குள் எழுதியது சர்வரில் ஓடாது என்பதால், ஏற்றும் வரியை அங்கே வைப்பது வழக்கம். படம் சற்றுத் தாமதமாக வரும். அதற்கான இடத்தைப் பக்கத்தில் முன்னரே ஒதுக்காவிட்டால் மற்ற பகுதிகள் இடம்மாறிக் குதிக்கும்.

சர்வரிலேயே வரைந்தாக வேண்டுமென்றால் ஜேஎஸ்டாம் உதவும். டாக்குமென்ட், அதன் உறுப்புகள், நிகழ்வுகள் எல்லாவற்றையும் ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே கட்டிய போலிப் பக்கம் இது. டி3 என்ற லைப்ரரியைக் கொண்டு எஸ்விஜி வரைபடங்கள் தயாரிக்க இது போதும். ஆனால் ஜேஎஸ்டாம் பக்கத்தை அளந்து அடுக்குவதில்லை. ஒரு பெட்டியின் அகலத்தைக் கேட்டால் பூஜ்யம் என்றே சொல்லும். அகலத்தைப் பார்த்து எழுத்துகளை மடிக்கும் லைப்ரரி தவறாகவே வரையும். ஆகவே அளவுகளைக் கையால் கொடுக்க வேண்டும். போலி விண்டோவை நிரல் முழுவதற்கும் பொதுவாக வைப்பதும் ஆபத்து: அதைக் கண்டு பிற லைப்ரரிகள் உலாவியில் இருப்பதாக நம்பிவிடும், ஒரே நேரத்தில் வரும் இரு பயனர்களின் கோரிக்கைகள் ஒரே பக்கத்தைத் தொட்டுக் குழப்பும். துல்லியமான அளவே வேண்டுமெனில் உலாவியை நிரலால் இயக்கும் பப்பட்டியர் வழியாக உண்மையான குரோமையே சர்வரில் ஓட்டலாம். ஆனால் நினைவகச் செலவு அதிகம்.

நிலைத்த தீர்வு லைப்ரரியை எழுதியவர் கையில்தான் இருக்கிறது. கணக்கிடும் பகுதியையும் திரையைத் தொடும் பகுதியையும் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்தால் முதல் பகுதி எங்கும் ஓடும். டி3யின் அளவுகோல் கணக்குகள் தனித் தொகுப்பாக இருப்பதால் அவற்றுக்கு டாக்குமென்ட்டே தேவையில்லை.

வெளியிடும் முன் லைப்ரரியை வெறும் நோட்டில் ஒருமுறை ஏற்றிப் பார்க்க வேண்டும். சோதனைகளை ஜேஎஸ்டாமுக்குள் மட்டும் ஓட்டினால், அங்கே போலி விண்டோ இருப்பதால், விண்டோ இல்லை என்ற பிழை கண்ணில் படாது.