நாற்பதா, நூறா?

சர்க்கரை நோயாளி வியர்த்து வழிந்து மயங்கிய பிறகுதான் மருத்துவருக்கு அழைப்பு வருகிறது. கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பது 20 யூனிட் இன்சுலின். செவிலியர் இழுத்ததும் 20-ஆம் கோடு வரைதான். கோளாறு சிரிஞ்சில் இருக்கிறது. நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு அடர்த்திகளில் இன்சுலின் கிடைக்கிறது. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் அரை மில்லி, அதாவது 50 யூனிட் உள்ளே போகிறது. சிரிஞ்சு நேர்மாறாக மாறினால் 8 யூனிட்தான். அப்போது "மருந்து பிடிக்கவில்லை" என்று அளவைக் கூட்டுவார்கள். என்றாவது சரியான சிரிஞ்சு கைக்கு வரும் நாளில் நோயாளி சரிந்துவிடுவார்.

ஐந்து 'சரி'களும் தாண்டும் தவறு

சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என்ற ஐந்தையும் செவிலியர் படிப்பில் மனப்பாடம் செய்கிறார்கள். தேவையானவைதான். ஆனால் இவை எழுதியதையும் கையில் இருப்பதையும் ஒப்பிடுவதோடு நின்றுவிடுகின்றன. எழுதியதே தவறென்றால் ஐந்தும் பச்சைக்கொடி காட்டிவிடும். பொட்டாசியம் குளோரைடைப் பாருங்கள். பத்து மில்லி ஆம்ப்யூலில் 20 மில்லி ஈக்விவலன்ட் இருக்கிறது. குளுக்கோஸிலோ சலைனிலோ கலந்து மெல்ல ஏற்றினால் மருந்து. நேரே ரத்தக்குழாயில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். இதை அறிந்த செவிலியர் ஆர்டரில் "ஐவி" என்று மட்டும் இருந்தால் கை நீட்டமாட்டார். நோயாளிக்குச் சிறுநீர் போகிறதா என்றும் கேட்பார். ரத்தத்தில் பொட்டாசியம், கிரியாட்டினின் அளவு பார்த்திருக்க வேண்டும். ஃபெனிடாயினை டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் படிந்துவிடும், சலைன்தான் ஏற்றது என்பதும் இப்படிப்பட்ட அறிவுதான். எந்த லேபிளும் இதையெல்லாம் தானாக நினைவூட்டாது.

வார்டில் உலவும் நம்பிக்கைகள்

"டாக்டர் எழுதியதைக் கொடுப்பதுதான் நம் வேலை" என்பது முதல் நம்பிக்கை. எழுதியவரும் மனிதர்தான், நள்ளிரவில் ஒரு புள்ளி இடம் மாறினால் அளவு பத்து மடங்காகிவிடும். அதற்கும் நோயாளிக்கும் நடுவே நிற்கும் கடைசி ஆள் செவிலியர். கேள்வி கேட்பது அவமதிப்பு என்று நினைக்கும் மருத்துவர்தான் திருந்த வேண்டும். "விழுங்க முடியவில்லையா, பொடித்து மூக்குக்குழாயில் விடு" என்பது இரண்டாவது. நாள் முழுக்க மெல்லக் கரையவேண்டிய நிஃபெடிபின் மாத்திரையைப் பொடித்தால், ஒரு நாள் மருந்து ஒரே மூச்சில் இறங்கி ரத்த அழுத்தம் சரியும். "இத்தனை வருஷமாக இப்படித்தான் போடுகிறேன்" என்பது மூன்றாவது. தவறு நடந்தும் வெளியே தெரியாமல் போன நாட்களையும் அந்த வருஷங்களில் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

உறவினர்கள் பங்கும் சிறிதல்ல. தலையணைக்கடியில் வீட்டு மாத்திரைப் பொட்டலம் எதற்கு? வார்டில் இன்சுலின் ஏறிக்கொண்டிருக்க, "பழக்கமானது" என்று சர்க்கரையைக் குறைக்கும் கிளிமெபிரைடையும் விழுங்கவைப்பது அன்பா? கடைக்காரர் சொன்னார் என்பது மருத்துவ ஆலோசனை ஆகாது.

நேரம் ஏது?

ஒருவரே இரவு முழுவதும் ஒரு வார்டையே பார்க்கும்போது மருந்தியல் படிக்க நேரமேது என்பார்கள். நியாயமான கேள்வி, ஆள் போடாத நிர்வாகத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆனாலும் எல்லா மருந்தையும் கரைத்துக் குடிக்கச் சொல்லவில்லை. உயிரைப் பறிக்கும் தவறுகள் சில மருந்துகளில்தான் குவிகின்றன: இன்சுலின், ஹெப்பரின், பொட்டாசியம், மார்ஃபின் போன்ற வலிநிவாரணிகள், புற்றுநோய் மருந்துகள். நேரம் இல்லாதவருக்குத்தான் இந்தப் பட்டியல் அதிகம் தேவை. 2017-இல் உலக சுகாதார நிறுவனம் மருந்துகளால் நேரும் கடுமையான, தவிர்க்கக்கூடிய தீங்கை ஐந்தாண்டில் பாதியாக்க அறைகூவல் விடுத்தபோது, அதிக ஆபத்துள்ள சூழல்களை முன்னே வைத்ததும் இதனால்தான்.

கெஞ்சிக் கேட்பது

செவிலியர்களே, இன்சுலின் புட்டியில் 40-ஆ 100-ஆ என்று வாய்விட்டுப் படியுங்கள், மூடியின் நிறத்தைப் பாருங்கள், இன்னொருவரிடம் காட்டுங்கள். புரொப்ரனலால் எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கினால் படபடப்பும் நடுக்கமும் மறைந்துபோகலாம், வியர்வை மட்டும் மிஞ்சும் என்பதை மறக்காதீர்கள். ஈரமான நெற்றியைக் கண்டதும் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். மருத்துவர்களே, "யூனிட்" என்று முழுதாக எழுதுங்கள். ஆங்கில 'யு' சுழித்தால் பூஜ்யமாகத் தெரிகிறது. சந்தேகம் வந்தால் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். தாமதமான ஊசியைப் பெரும்பாலும் பிறகு போட்டுக்கொள்ளலாம். போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது.